பேச்சில்லாத இடத்து இசை

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில்தான் வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்தேன், தாடியை ஒழுங்காக வெட்டிக்கொள் என்றும் சொல்லியாகிவிட்டது. அல்லாஹ் கிருபையில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் அத்தாவுக்கு மழை பிடித்தால் முழங்கால் வலி வருகிறது, மழை விட்டால் போய்விடுகிறது. போனில் பேசினால் நீ எதற்கும் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நேற்று நீ சொன்னதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நிக்காஹ் முடிந்த கையோடு நீ தோஹா போய் வேலையில் சேர வேண்டும், கம்பெனி குடும்ப விசா கொடுத்தாலும் அங்கே வீட்டு வாடகை கையைக் கடிக்கும், அதனால் நஸ்ரின் இங்கே எங்களோடு இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாய். "உங்களுக்கும் தொணையா இருக்கும்லம்மா" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தாய். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள் என்றாய். நான் பேசாமல் இருந்ததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மண்டபத்துக்காரரிடம் எத்தனை நாற்காலி என்று கேட்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். என் பதில் ரொம்பச் சுருக்கம்: வேண்டாம், அவளைக் கூட்டிக்கொண்டு போ. ஆனால் காரணம் நீளம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கேசட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தக் கேசட்டுகளை உனக்குத் தெரியும். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அடுக்கியிருந்ததை நீதான் பொறுமையாக உட்கார்ந்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாய். எல்லாம் ஒரே இசையமைப்பாளருடையது என்றும், ஒன்றில்கூடப் பாட்டு இல்லை, வெறும் பின்னணி இசைதான் என்றும் உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னாய். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நம் வீட்டில் நான் 'அவர்' என்றால் ஒன்று உன் அத்தா, இல்லாவிட்டால் அந்த இசையமைப்பாளர். உன் அத்தாவுக்கு இதில் இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு. "எந்த அவரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு காது கொடுப்பார். ஆனால் அந்தக் கேசட்டுகள் எப்படிச் சேர்ந்தன என்பதை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை.

நான் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் சினிமாக் கொட்டகை இருந்தது. உன் வலீமா விருந்துக்குப் பேசியிருக்கும் மண்டபம் அப்போது கொட்டகைதான், நம் கொல்லைச் சுவர்தான் அதற்கும் சுவர். கல்யாணமான சில வாரங்களிலேயே உன் அத்தா துபாய்க்குத் திரும்பிவிட்டார். வீட்டில் நானும் மாமியும், பள்ளிக்கூடம் போகிற உன் அத்தாவின் தங்கச்சியும். மாமி, அதாவது உன் அத்தாவைப் பெற்றவர், சினிமா பார்ப்பது ஹராம் என்பதில் உறுதியாக இருந்தார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. படம் பார்த்தால்தானே பாவம், வற்றல் காயப்போட மாடிக்குப் போகிறவள் காதில் தானாக வந்து விழுந்தால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மாமி கண் அயர்வார். மேட்னி ஷோ தொடங்கும். காற்றுக்காகக் கொட்டகையின் மேல் ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள். எங்கள் மொட்டை மாடிக்குப் படம் முழுக்க வந்து சேரும், முகங்களைத் தவிர.

பேச்சு சுவரில் மோதித் தெளிவில்லாமல் வரும், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று பிடிபடாது. இசை மட்டும் நன்றாகக் கேட்கும். எல்லாரும் வாயை மூடிக்கொண்ட பிறகு ஒரு புல்லாங்குழல் மெல்ல ஆரம்பிக்கும், பின்னால் வயலின்கள் சேரும், எல்லாம் ஓய்ந்த பிறகு ஏதாவது ஒரு வாத்தியம் மட்டும் கிளம்ப மனசில்லாமல் கொஞ்ச நேரம் நிற்கும். சில படங்களில் இப்படி வந்தது, சிலவற்றில் வரவில்லை. டாக்டரிடம் போகும்போது ரிக்‌ஷாவிலிருந்து சுவரொட்டியைப் படித்தேன். நடிகர்கள் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இசை யார் என்று போட்டிருந்தது. அடுத்த படத்துக்கும் பார்த்தேன், அதற்கடுத்ததற்கும். மாடியில் நான் கையில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்த படங்களுக்கெல்லாம் ஒரே பெயர். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். யாரிடம் சொல்வது? மாமியிடமா?

உன் அத்தா துபாயிலிருந்து இரண்டு கேசட் போடுகிற டேப் ரிக்கார்டர் கொடுத்தனுப்பியிருந்தார். அது எதற்கு என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது கடிதத்தைவிடக் கேசட்தான் பெரிது. வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, துபாய் போகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். அங்கே ரூமில் எல்லாருமாக உட்கார்ந்து கேட்பார்கள். அந்த டேப் ரிக்கார்டரை வற்றல் தட்டோடு மாடிக்குத் தூக்கிப் போக ஆரம்பித்தேன். முதலில் அப்படியே படம் முழுக்கப் பதிவேன். பிறகு பேச்சில்லாத இடங்களை மட்டும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் சேர்ப்பேன். அந்த வேலைக்குப் பருவம் உண்டு, தம்பி. சம்பா அறுவடை முடிந்தால் கொட்டகை நிரம்பிவிடும், ஒரே விசிலும் கைதட்டலும், ஒன்றும் தேறாது. ஐப்பசி மழையில் கொட்டகையின் தகரக்கூரை இரைச்சல். நடவு நேரம்தான் நல்ல நேரம். ஊரே வயலில் கிடக்கும், மேட்னிக்கு நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அவர்களும் தூங்குவார்கள். சுத்தமாகக் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கொட்டகைக்காரர் மரியாதைக்குச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். நல்ல மனிதர், ஆனால் என் இசையில் ஓட்டை விழுந்துவிடும். மறுநாள் பதிந்தாலும் அதே நேரத்தில் அதே இடத்தில் ஓட்டை. பட்டுக்கோட்டையிலிருந்து படப்பெட்டி தாமதமாக வருகிற நாளுக்காகக் காத்திருப்பேன். அன்றைக்கு ஷோ தாமதமாகத் தொடங்கும், பாங்கு வேறு இடத்தில் விழும், எனக்கு வேண்டிய துண்டு முழுசாகக் கிடைக்கும். பெட்டி வரவில்லையே என்று ஊரே கொட்டகை வாசலில் சலித்துக்கொள்ளும்போது, மாடியில் ஒருத்தி மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்று உட்கார்ந்திருப்பாள்.

ஒவ்வொரு துண்டுக்கும் நானே பெயர் வைப்பேன். 'ஈரத் துணி', 'ரயில் போன பிறகு', 'படியிறங்குகிறாள்'. படத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கென்ன தெரியும், காது சொன்னதுதான். அப்படி ஒன்றுக்கு 'வந்துட்டாங்க' என்று பெயர் வைத்தேன். முதலில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம். யாரோ ஓடுகிற காலடி. பிறகு பேச்சே இல்லை, அந்தப் புல்லாங்குழல் தயங்கித் தயங்கி எழும்பும், பின்னால் வயலின்கள் ஒரே மூச்சாக எழும்பி வரும். கொட்டகையில் பெண்கள் மூக்கைச் சிந்துவதுகூட எனக்குக் கேட்டது. ரொம்ப நாள் பிரிந்திருந்த புருஷன் திரும்பி வந்துவிட்டான், சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். நானும் மாடியில் உட்கார்ந்து அழுதேன். அப்போது உன் அத்தா போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கேசட்டில் நான் என்ன பேச முடியும் என்று நினைக்கிறாய்? பக்கத்தில் மாமி, என்னைப் பார்க்க வந்த உன் மாமன், சில நேரம் அடுத்த வீட்டுக்காரர்கள்கூட. அங்கேயோ ரூம் முழுக்க ஆள். "நல்லா இருக்கோம், நீங்க ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்பதற்கு மேல் என் வாயில் ஒன்றும் வராது. அந்தத் தடவை மாமிக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேச முடியாது என்று கையை ஆட்டிவிட்டார். மாமிக்குத் தொண்டை சரியில்லை, அடுத்த தடவை பேசுவாங்க என்று நானே சொல்லி முடித்தேன். கேசட்டில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. யாரும் இல்லாதபோது அந்த இடத்தில் 'வந்துட்டாங்க' துண்டைப் பதிந்தேன். வாயால் சொல்ல முடியாததை அது போய்ச் சொல்லட்டும் என்றுதான்.

அந்தப் படத்தைத் துபாயில் உன் அத்தாவின் ரூமில் வெள்ளிக்கிழமை வீடியோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காட்சியில் வெளிநாட்டிலிருந்து ஓடி வருகிறவன் வாசலில் பார்ப்பது பெண்டாட்டியை இல்லையாம், இறந்து கிடக்கும் பெற்றவளின் மையித்தையாம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். வெளிநாடு போன சபுராளியிடம் சாவை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்பார்கள், தொண்டை கட்டியிருக்கிறது என்பார்கள். உன் அத்தாவின் அம்மா குரல் கேசட்டில் இல்லை, முடிவில் இந்த இசை வேறு. ரூமில் கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். போன் போட்டால் "நல்லா இருக்காங்க" என்றுதான் சொல்வார்கள் என்பதால் போனும் போடவில்லை. முதலாளி அரபியிடம் அழுது அவசர லீவு வாங்கி, மெட்ராஸில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். மாமி மீன்காரியிடம் கொடுவாவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். தாயைப் பார்த்ததும் உன் அத்தா தெருவிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மாமி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடா, வேலையை விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். பிறகு மீன்காரியிடம் திரும்பி, இன்னொரு மீன் சேர்த்துப் போடச் சொன்னார்.

இந்தக் கதையை உன் அத்தா கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பார், நீயும் கேட்டிருப்பாய். அவர் மீன்காரியோடு நிறுத்திக்கொள்வார். அதற்குப் பிறகு அறையில் நடந்ததை யாரும் கேட்டதில்லை. "எதுக்குடி அந்த மியூசிக்கைப் போட்டே?" என்று கேட்டார். வாங்கன்னு சொன்னேன் என்றேன். பிறகு சிரித்தார், பிறகு அழுதார், நானும்தான். அந்த லீவில்தான் நீ என் வயிற்றில் வந்தாய். மையித்து இசையைக் கேட்டு ஓடி வந்த மனிதனுக்குப் பிறந்த பிள்ளை நீ, அதனால்தானோ என்னவோ பெருநாள் அன்றைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய்.

லீவு முடிந்தது. கிளம்புகிற அன்று கூடம் முழுக்க ஆட்கள். பெட்டியெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. உன் அத்தாவின் தங்கச்சி கல்யாணத்தை முடித்தாக வேண்டியிருந்தது, வீட்டின் பின்கட்டு பாதி கட்டியபடி நின்றது. நான் அறை வாசலில் நின்றேன். "போயிட்டு வரட்டா?" என்றார். "போயிட்டு வாங்க, நான் பாத்துக்குறேன்" என்றேன். அவரும் போய்விட்டார். நீ நடக்கத் தொடங்கிய பிறகுதான் உன்னைப் பார்த்தார். நீ யாரோ என்று நினைத்து என் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அங்கிருந்தும் என்னோடுதான் இருந்தார் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அதன் பிறகு அந்த இசையமைப்பாளரின் படம் எந்த வீடியோவில் வந்தாலும் டேப் ரிக்கார்டரை டிவியோடு சேர்த்து அவரே பதிந்து அனுப்பினார். விசில் இல்லை, மழை இல்லை, ஓட்டை இல்லை. நான் மறுபடியும் ஏமாந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு அட்டையிலும் எழுதுவார்: 'இது சாவு', 'இது கல்யாணம்', 'இது சும்மா நடந்து போவது'. ஒன்றில் 'இது என்னவென்று எனக்கும் விளங்கவில்லை, நீ கேட்டுச் சொல்' என்று இருக்கும். இசையில் ஒன்றும் தெரியாத மனிதர், ரூமில் மற்றவர்கள் தூங்கப் போன பிறகும் எனக்காகப் படத்தை ஓட்டி ஓட்டி நிறுத்தியிருக்கிறார். இப்போது அதெல்லாம் உன் போனில் தேய்த்தால் வந்துவிடுகிறது. போன வாரம் உன் மாமன் மகள் புருஷன் வீட்டுக்குப் போகிற வீடியோவுக்கு அந்த மையித்து இசையையே போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அதனால் எங்களுக்குத் துணை வேண்டும் என்று கவலைப்படாதே. நீ காலேஜ் போகும்போது உன் அத்தா ஊரோடு வந்து சேர்ந்தார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வருவார். சாப்பிட்டுவிட்டு இருவரும் உன் ஸ்பீக்கரில் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். நான் கேட்பேன், அவர் தூங்குவார், முடிந்ததும் கண்ணைத் திறந்து நல்லா இருக்கு என்பார். எனக்கு இது போதும், நிறைவாகவே இருக்கிறது. வேண்டியதெல்லாம் கிடைத்தது, கொஞ்சம் காலம் தாழ்ந்து கிடைத்தது, அவ்வளவுதான்.

நஸ்ரின் விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்கப் போன அன்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் மகன் வெளிநாட்டில் இருப்பான், நீ எங்களோடு இருக்க வேண்டிவந்தால் என்னம்மா செய்வாய் என்று நான் சும்மா கேட்டுப் பார்த்தேன். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். "அதனால என்ன மாமி, நான் இருந்துக்குவேன்." சொல்லும்போது துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நீ கேட்டபோதும் சரி என்றாள் அல்லவா? நானும் ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவில் நின்று அப்படித்தான் சொன்னேன். நல்ல பெண்களுக்கு இந்தப் பதில் ரொம்பச் சுலபமாக வந்துவிடும், தம்பி. நல்ல ஆண்கள் அதை நம்பிவிட்டுப் போய்விடுவார்கள். வாடகை அதிகமென்றால் சின்ன வீடாகப் பார். ஒரே அறையென்றாலும் பரவாயில்லை. நடுவில் இன்னொருத்தர் உட்கார்ந்து கேட்காமல் இரண்டு பேர் பேசிக்கொள்ள ஓர் இடம் இருந்தால் போதும்.

இதுவரை எழுதிவிட்டு, உன் அத்தாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, கேட்காமல் அனுப்பக் கூடாது அல்லவா. மீன்காரி வந்த இடத்தில் வழக்கம்போலச் சிரித்தார். அவர் கிளம்பிப் போன காலையைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. படித்து முடித்த பிறகும் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எழுத்தில் ஏதாவது தப்பா, அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு வாசல்ல செருப்பு மாட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னேன். நீ 'இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, வண்டியைத் திருப்பி அனுப்பிருப்பேன்" என்றார்.

இவ்வளவு வருஷத்தில் இதை இன்றைக்குத்தான் சொல்கிறார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இந்த வரிகளை எழுதுகிறேன். நஸ்ரினிடம் இனி எதையும் கேட்காதே, தம்பி. வருகிறாயா என்று கேட்டால், உங்க வசதிப்படி செய்யுங்க என்றுதான் அவள் சொல்வாள். வா என்று சொல்.

உன் அம்மா